தொண்டும் பயிற்சியும்: புளோரன்ஸ் நைற்றிங்கேல் அம்மையார் வரலாறு

வள்ளுவப் பெருந்தகை மருத்துவத்தை நான்கு உறுப்புடையதாகப் பகுத்துக் காட்டினார். நோயுற்றவன், நோய் தீர்க்கும் வைத்தியன், மருந்து, அம்மருந்தை அருகிருந்து ஊட்டிப் பணிசெய்பவன் என்பன அந்நான்கு உறுப்புகளாம். முதல் மூன்றைப் பற்றியும் நாம் அடிக்கடி பேசுகின்றோம். நல்ல வைத்தியர் எங்கே உள்ளார் என்று கேட்கின்றோம். நல்ல மருந்து எங்கே கிடைக்கும் என்று தேடுகின்றோம். ஆனால் இரவெல்லாம் கண்விழித்து நோயாளியின் பக்கத்தில் நிற்கும் நான்காமவரைப் பற்றி நாம் நினைப்பது அரிது. அந்த நான்காமவரே இன்று நாம் தாதி என்று அழைப்பவர்.

நமது ஊர்ப்புறங்களிலே இப்பணி புதிதன்று. அம்மாள் வருத்தம் கண்ட வீட்டிலே வாயிலில் வேப்பிலை கட்டி, வெள்ளை விரித்து, நோயாளியைத் தனியே கிடத்தி, ஒருவர் மாறி ஒருவர் பக்கத்திருந்து பணிசெய்த காலத்தை நம் முதியோர் நன்கறிவர். பிள்ளைப்பேறு பார்த்த மருத்துவிச்சியும், விஷக்கடிக்கு மருந்து கட்டிய பரிசாரியாரும் ஏட்டைப் படித்தன்று, மூத்தோரின் கையைப் பார்த்தே தம் தொழிலைப் பழகினர். கைப்பழக்கம் நம்மிடம் இருந்தது. அந்தக் கைப்பழக்கத்தை ஆராய்ந்து, பிழை களைந்து, பலருக்கும் ஒழுங்காகக் கற்பிக்கும் கல்விச்சாலைதான் நம்மிடம் இருக்கவில்லை.

இக்குறை நமக்கு மட்டும் உரியதன்று. நூற்றெழுபது ஆண்டுகளுக்கு முன்னர் செல்வத்திற் சிறந்த இங்கிலாந்திலும் இதே குறை இருந்தது. அதனை நீக்குவதற்குத் தம் வாழ்நாளை ஈந்த ஒரு பெண்மணியின் வரலாற்றை இவ்வாண்டு மலரிலே நம் இளைஞர்க்கும் பெரியோர்க்கும் எடுத்துரைக்க விரும்புகின்றோம். அவர்தாம் புளோரன்ஸ் நைற்றிங்கேல் அம்மையார். கையில் விளக்கேந்திய அவரது படத்தைப் பாடப் புத்தகத்திற் பார்த்திராதார் நம்முள் இலர். ஆயினும் அந்த விளக்கு அவர் கைக்கு வருமுன் அவர் பட்ட பாட்டை அறிந்தோர் சிலரே.

பிறப்பும் இளமையும்

அம்மையார் 1820ஆம் ஆண்டு மே மாதம் 12ஆம் நாள் இத்தாலி நாட்டிலுள்ள புளோரன்ஸ் நகரிலே பிறந்தார். பெற்றோர் அந்நகரின் பெயரையே குழந்தைக்கு இட்டனர். தந்தையார் வில்லியம் எட்வேட் நைற்றிங்கேல் பெரும் நிலச்செல்வர். கோடைக்கு ஒரு மாளிகையும் மாரிக்கு ஒரு மாளிகையும் உடையவர். பெண்பிள்ளைகளுக்குத் தையலும் இசையும் போதும் என்று பலர் எண்ணிய அக்காலத்திலே, அவர் தம் மக்கள் இருவருக்கும் கிரேக்கம், இலத்தீன், பிரெஞ்சு, ஜேர்மன், இத்தாலியன் ஆகிய மொழிகளையும் வரலாற்றையும் தாமே கற்பித்தார். புளோரன்ஸ் பிற்காலத்தில் விடாப்பிடியாக நின்று கணிதமும் கற்றார். இந்தக் கணிதம் பின்னர் எவ்வளவு உயிர்களுக்குத் துணையாயிற்று என்பதை மேலே காண்போம்.

1837ஆம் ஆண்டு பெப்ரவரி 7ஆம் நாள், பதினாறு வயதிலே, இறைவன் தம்மைத் தன் தொண்டுக்கு அழைத்ததாக அவர் உணர்ந்தார். எந்தத் தொண்டு என்பது அப்பொழுது அவருக்குத் தெளிவாகவில்லை. கிராமத்து ஏழைகளின் குடிசைகளுக்குச் சென்று நோயாளிகளைப் பார்த்து வந்தபோது அது மெல்ல மெல்லத் தெளிவாயிற்று. 1845ஆம் ஆண்டிலே நோயுற்ற பாட்டியாரையும், தம்மை வளர்த்த முதிய பணிப்பெண்ணையும் அருகிருந்து பராமரித்தார். இவ்வாறு பராமரிக்கையிலே ஓர் உண்மை அவர் உள்ளத்திற் பட்டது. அன்பு மட்டும் இருந்தால் நோயாளியைக் காத்துவிட முடியாது. என்ன செய்வது, எப்பொழுது செய்வது, எதனைச் செய்யாது விடுவது என்பவற்றை ஒருவர் முறையாகக் கற்றாக வேண்டும் என்பதே அவ்வுண்மை.

மூடிய கதவுகள்

கற்பது எங்கே? அக்காலத்தில் இங்கிலாந்திலே தாதியர்க்கென ஒழுங்கான பள்ளிக்கூடம் இல்லை. வைத்தியசாலை வாட்டுகளிலே வேலை செய்து பழகுவதே வழி. ஆகவே அதே 1845ஆம் ஆண்டில், தம் வீட்டிற்கு அண்மையிலுள்ள சோல்ஸ்பரி வைத்தியசாலையிலே மூன்று மாதம் தங்கி வேலை பழகுவதற்கு அம்மையார் பெற்றோரிடம் அனுமதி கேட்டார். அங்கே வைத்தியராக இருந்தவர் குடும்ப நண்பரே. ஆயினும் வீட்டிலே பெரும் புயல் எழுந்தது. தாயார் நடுங்கினார்; தமக்கையார் அழுதார்; தந்தையார் மனம் வெறுத்தார்.

பெற்றோரை நாம் முற்றாகக் குறைகூறுவதற்கில்லை. அந்நாளைய வைத்தியசாலைகள் அழுக்கும் துர்நாற்றமும் நிறைந்தவை. அங்கே வேலை செய்த பெண்கள் பலர் வேறு பிழைப்பு இல்லாதவர். குடிப்பழக்கமும் ஒழுக்கக்கேடும் உடையோர் எனப் பெயரெடுத்தவர். மானமுள்ள குடும்பம் தன் மகளை அவ்விடத்திற்கு அனுப்புமா? ஆனால் அதிலுள்ள முரணையும் நோக்குதல் வேண்டும். நல்ல குடும்பத்துப் பெண்கள் போகாமையால் அத்தொழில் தாழ்ந்தது. தொழில் தாழ்ந்திருந்தமையால் நல்ல குடும்பத்துப் பெண்கள் போகவில்லை. இந்த வளையத்தை யாரேனும் ஒருவர் அறுத்தே ஆகவேண்டியிருந்தது.

அம்மையார் வீட்டை விட்டு ஓடவில்லை, கொள்கையையும் விடவில்லை. பகலிலே விருந்தினரை உபசரித்தார். விடியுமுன் எழுந்து, குளிருக்குப் போர்வை போர்த்திக்கொண்டு, விளக்கொளியிலே வைத்தியசாலை அறிக்கைகளையும் பொதுச் சுகாதாரம் பற்றிய அரசாங்க வெளியீடுகளையும் படித்துக் குறிப்பெடுத்தார். ஐரோப்பிய நாடுகளிலிருந்து நண்பர்கள் அனுப்பிய விபரங்களையும் சேர்த்துக்கொண்டார். காலை உணவு மணி அடித்ததும் புத்தகங்களை மூடிவிட்டு, நல்ல மகளாய் மேசைக்கு வருவார். இவ்வாறு ஆண்டுகள் கழிந்தன. அவரை விரும்பிய பண்பாளர் ஒருவரை மணக்கவும் 1849ஆம் ஆண்டு மறுத்துவிட்டார். இதனால் அவர் உள்ளம் பட்ட துன்பம் சிறிதன்று.

ஏட்டுக் கல்வி இவ்வளவு இருந்தும் தாம் தாதியாகி விட்டதாக அம்மையார் ஒருபோதும் எண்ணவில்லை என்பதை நம் மாணவர் கருத்திற் கொள்ளல் வேண்டும். நோயாளியின் கட்டிலருகே நின்று பழகாத அறிவு அரையறிவே என்பது அவர் துணிபு.

கைசர்ஸ்வேர்த்தில் மூன்று மாதம்

ஜேர்மனியிலே றைன் நதிக்கரையில் கைசர்ஸ்வேர்த் என்பது ஒரு சிற்றூர். அங்கே போதகர் தியோடர் பிளீட்னரும் அவர் மனைவியாரும் 1836ஆம் ஆண்டு ஒரு சேவை நிலையத்தைத் தொடங்கினர். ஏழை நோயாளருக்கு வைத்தியசாலை, அநாதைப் பிள்ளைகளுக்கு இல்லம், சிறுவர் பாடசாலை ஆகியன அங்கே இருந்தன. சாதாரண குடியானவர் வீட்டுப் பெண்கள் சேவைச் சகோதரிகளாகச் சேர்ந்து, வேலை செய்துகொண்டே கற்றனர். கற்றுக்கொண்டே வேலை செய்தனர். 1846ஆம் ஆண்டு இந்நிலையத்தின் அறிக்கை அம்மையார் கைக்கு எட்டியது. தாம் தேடிய இடம் இதுவே என அவர் மகிழ்ந்தார்.

1850ஆம் ஆண்டு எகிப்து, கிரேக்கம் ஆகிய நாடுகளைப் பார்த்துத் திரும்பும் வழியிலே அங்கே இரண்டு வாரம் தங்கினார். அடுத்த ஆண்டு, 1851ஆம் ஆண்டு யூலை முதல் ஒக்ரோபர் வரை, மூன்று மாதம் பயிற்சி பெற்றார். தாயாரும் தமக்கையாரும் ஜேர்மன் மொழி வழங்கும் வேறோர் ஊரிலே நீராடி உடல்நலம் தேடியிருந்த காலம் அது. மகள் எங்கே போனாள் என்பது வெளியே தெரிதல் ஆகாது என்பது குடும்பத்தின் கட்டளை. சோல்ஸ்பரியில் மூன்று மாதம் கேட்டபோது அவருக்கு 25 வயது. கைசர்ஸ்வேர்த்தில் மூன்று மாதம் கிடைத்தபோது வயது 31. மூன்று மாத அனுபவத்திற்காக ஒருவர் ஆறு ஆண்டுகள் காத்திருந்தார் என்றால், அவ்வனுபவத்தை அவர் எத்துணைப் பெரிதாக மதித்தார் என்பதை உய்த்துணரலாம்.

மாளிகையிலே பணிப்பெண்கள் சூழ வளர்ந்தவர், அங்கே வைகறை ஐந்து மணிக்கு எழுந்தார். கஞ்சியும் எளிய உணவும் உண்டார். நோயாளரைக் கழுவினார், புண்ணுக்குக் கட்டுப்போட்டார், மருந்து கொடுத்தார், சத்திர சிகிச்சை நடக்கையில் அருகே நின்றார், இறக்கும் நோயாளிக்குத் துணையிருந்தார். தம் வாழ்வில் இதுவே இனிய காலம் என்று அவர் உணர்ந்தார்.

அவர் வியந்து மயங்கிவிடவுமில்லை. கைசர்ஸ்வேர்த்திலே தொண்டுள்ளம் மிக உயர்ந்திருந்தது என்றும், ஆனால் தாதிமையும் சுகாதாரமும் குறைவுடையனவாகவே இருந்தன என்றும் பிற்காலத்தில் வெளிப்படையாக எழுதினார். தாம் பயின்ற இடத்தின்மீது நன்றி மறவாமலும், அதன் குறையைக் காணத் தவறாமலும் இருப்பதே நல்ல மாணாக்கரின் இலக்கணம் அன்றோ?

1853ஆம் ஆண்டு பாரிஸ் நகருக்குச் சென்று அங்குள்ள வைத்தியசாலைகளைச் சுற்றிப் பார்த்தார். கத்தோலிக்கக் கன்னியாஸ்திரீகளுடன் தங்கி வேலை பழகத் தொடங்கிய சில நாளிலே சின்னமுத்து நோய் கண்டு படுத்தார். தாதியாகப் போனவர் நோயாளியாகக் கிடந்து, நோயாளியின் நிலையையும் அறிந்துகொண்டார்.

முதற் பொறுப்பு

அதே 1853ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்திலே, இலண்டன் ஹார்லி வீதியில் நோயுற்ற பெண்களுக்கென இருந்த ஒரு சிறு வைத்திய நிலையத்தின் மேற்பார்வையாளராகப் பொறுப்பேற்றார். சம்பளம் இல்லை. மகளின் உறுதியைக் கண்டு மனம் இளகிய தந்தையார் ஆண்டுதோறும் 500 பவுண் கொடுக்க இசைந்தார்.

அங்கே அம்மையார் செய்த முதல் வேலைகள் யாவை? ஒவ்வொரு மாடிக்கும் குழாய் வழியே சுடுநீர் வரச் செய்தார். சமையலறையிலிருந்து உணவை மேலே ஏற்றும் பொறி ஒன்றை அமைத்தார். எந்த நோயாளி மணி அடித்தார் என்பதைத் தாதி உடனே அறிய ஏற்பாடு செய்தார். இவை சிறு காரியங்கள் போலத் தோன்றும். ஆனால் மாடிப்படி ஏறி இறங்குவதிலேயே தாதியின் கால் ஓய்ந்துவிட்டால் நோயாளியைக் கவனிப்பது யார்? வேலை செய்து பார்த்தவர்க்கே இவை புலப்படும்.

மற்றொன்றும் குறிப்பிடத்தக்கது. நிலையத்தை நடத்திய குழுவினர் தம் திருச்சபையைச் சேர்ந்தோரை மட்டும் அனுமதிக்க விரும்பினர். கத்தோலிக்கராயினும் யூதராயினும் எச்சமயத்தவராயினும் நோயாளர் அனைவரையும் ஏற்க வேண்டும் என அம்மையார் வற்புறுத்தி வென்றார். நோய்க்குச் சாதி சமயம் இல்லை. தொண்டுக்கும் அது இருத்தல் தகாது. பல இனத்தவரும் பல சமயத்தவரும் ஒரே வாட்டிலே அடுத்தடுத்த கட்டிலிற் கிடக்கும் நமது மட்டக்களப்பிலே இப்பாடம் என்றும் வேண்டப்படுவதாகும்.

1854ஆம் ஆண்டு இலண்டனிலே வாந்திபேதி பரவியபோது, மிடில்செக்ஸ் வைத்தியசாலைக்குத் தாமாகவே சென்று இரவுபகலாகப் பணிசெய்தார். அவ்வாண்டின் இறுதியிலே வரவிருந்த பெருஞ்சோதனைக்கு இஃது ஓர் ஒத்திகை போலாயிற்று.

விளக்கும் அதன் நிழலும்

1854ஆம் ஆண்டு இங்கிலாந்தும் பிரான்சும் துருக்கியோடு சேர்ந்து இரசியாவை எதிர்த்துப் போர் தொடுத்தன. அதுவே கிரிமியப் போர். காயமுற்ற போர்வீரர் கவனிப்பாரின்றி மடிகின்றனர் என்ற செய்தி பத்திரிகைகளில் வெளிவந்தது. அமைச்சர் சிட்னி ஹேபேட் அம்மையாரின் நண்பர். அவர் உதவி வேண்டி அம்மையாருக்குக் கடிதம் எழுதினார். அதே நேரத்தில் அம்மையாரும் தாம் போக விரும்புவதாக அவர் வீட்டிற்கு எழுதியிருந்தார். ஒக்ரோபர் 21ஆம் நாள் 38 பெண்களுடன் புறப்பட்டு, நவம்பர் 4ஆம் நாள் ஸ்குற்றாரியை அடைந்தார். இன்று இஸ்தான்புல் நகரின் ஒரு பகுதியாகவுள்ள உஸ்குதாரே அவ்விடம்.

படைமுகாம் ஒன்றை வைத்தியசாலையாக்கியிருந்தனர். நடைகூடங்களிலே நோயாளர் நெருக்கமாகக் கிடந்தனர். போர்வை இல்லை, சவர்க்காரம் இல்லை, துணி துவைப்பார் இல்லை. இராணுவ வைத்தியர்கள் முதலிற் பெண்களை வாட்டுக்குள் அனுமதிக்கவில்லை. அம்மையார் வாதாடவில்லை, வைத்தியர் கேட்கும் வரை தம் தாதிகளை உள்ளே விடாது காத்திருந்தார். சில நாளிலே காயமுற்றோர் திரள்திரளாக வந்து குவியவே, வைத்தியர்களே உதவி கேட்டனர். சலவைக்கு ஒரு வீடு வாடகைக்கு எடுத்து, கொதிநீர்க் கலங்கள் அமைத்து, போர்வீரரின் மனைவியரை வேலைக்கு வைத்தார். இரவிலே விளக்குடன் வாட்டுகளைச் சுற்றி வந்தார். அந்தக் காட்சியே உலகமெங்கும் பரவியது.

உடன்வந்தோரிடம் அவர் கண்டது நமக்கு முக்கியமானது. வைத்தியசாலைகளிற் பலகாலம் வேலை செய்த சிலரிடம் அனுபவம் இருந்தது, ஒழுங்கு இருக்கவில்லை; குடித்துக் கெட்டோரைத் திருப்பியனுப்ப நேர்ந்தது. சமயத்தொண்டு பூண்ட சிலரிடம் பக்தி இருந்தது, உடலைப் பேணும் பழக்கம் இருக்கவில்லை. அனுபவம், ஒழுக்கம், அறிவு ஆகிய மூன்றும் ஒருவரிடத்திலே சேர்ந்தாலன்றித் தாதி உருவாகமாட்டார் என்பதை அம்மையார் அங்கே கண்ணாரக் கண்டார்.

இனி, விளக்கைப் பாடுவோர் பெரும்பாலும் சொல்லாது விடும் செய்தியைச் சொல்வோம். அம்மையார் வந்த பின்னரும் ஸ்குற்றாரியிலே மரணம் குறையவில்லை. 1855ஆம் ஆண்டு பெப்ரவரியிலே அங்கு சிகிச்சை பெற்றோருள் நூற்றுக்கு 42 பேர் என்ற அளவில் மாண்டனர். காயத்தினால் மாண்டோரிலும் பேதி, காய்ச்சல் முதலிய நோய்களால் மாண்டோரே மிகப் பலர். மார்ச் மாதம் சுகாதாரக் குழுவொன்று இங்கிலாந்திலிருந்து வந்தது. கட்டிடத்தின் கீழே கழிவுநீர்க் கால்வாய்கள் அடைபட்டுக் கிடந்தன. குடிநீர் வரும் வழியிலே இறந்த குதிரை ஒன்று கிடந்தது. அவற்றைத் துப்புரவாக்கி, காற்றோட்டம் செய்து, நெருக்கத்தைக் குறைத்த பின், யூன் மாதத்திலே மரணம் நூற்றுக்கு 2 என்ற அளவிற்கு இறங்கியது.

1856ஆம் ஆண்டு அம்மையார் ஆரவாரமின்றி நாடு திரும்பினார். வீரர் மடிந்தது உணவும் உடையும் காலத்தில் வராமையாலும் உடல் நலிவாலும் என்றே அவர் முதலில் நம்பியிருந்தார். பின்னர் புள்ளிவிபர அறிஞர் வில்லியம் பார் என்பாருடன் அமர்ந்து கணக்குகளை ஆராய்ந்தபோது, அசுத்தமான கட்டிடமும் நீரும் காற்றுமே பெருங்காரணம் என்பது தெளிவாயிற்று. தம் கண்ணெதிரே, தம் பராமரிப்பிலே கிடந்தோரை எது கொன்றது என்பதைத் தாமே அங்கு நின்றும் உணரவில்லை என்ற எண்ணம் அவரை வாழ்நாள் முழுதும் வருத்தியது. வேறொருவராயின் புகழுக்குப் பங்கம் வருமென்று கணக்கை மூடியிருப்பார். அவரோ வட்டப் படங்களாக வரைந்து, அரசாங்கமும் மக்களும் காணுமாறு 1858ஆம் ஆண்டு வெளியிட்டார். அவ்வாண்டே இங்கிலாந்தின் புள்ளிவிபரக் கழகம் அவரைத் தன் முதற் பெண் உறுப்பினராக ஏற்றது.

அனுபவம் பெரிய ஆசான்தான். ஆனால் ஆராயாத அனுபவம் நம்மை ஏமாற்றவும் கூடும். இதுவே ஸ்குற்றாரியின் பாடம்.

வாட்டிலே ஒரு பள்ளிக்கூடம்

அம்மையாரைப் பாராட்டி மக்கள் சேர்த்த நிதி 44,000 பவுணுக்கு மேற்பட்டது. அந்நிதியைக் கொண்டு 1860ஆம் ஆண்டு இலண்டன் சென்ற் தோமஸ் வைத்தியசாலையிலே தாதியர் பயிற்சிப் பாடசாலை தொடங்கப்பட்டது. முதலிற் சேர்ந்தோர் 15 பேர். பயிற்சிக்காலம் ஓராண்டு. உணவும் உறையுளும் சீருடையும் இலவசம். கைச்செலவுக்கு ஆண்டுக்கு 10 பவுண். மேற்றனாக இருந்தவர் திருமதி வாட்றோப்பர்.

அப்பாடசாலையின் முறை எளியது, ஆயினும் புதியது. மாணவியர் பகலிலே வாட்டில் உதவித் தாதிகளாக வேலை செய்தனர். கட்டில் விரித்தல், புண் கட்டுதல், நோயாளியை அசைத்துக் கிடத்துதல், படுக்கைப்புண் வராது காத்தல், நாடியும் சுவாசமும் நோக்குதல் முதலியவற்றைக் கையாற் செய்து பழகினர். வைத்தியர்கள் பாடம் நடத்தினர். தாம் கண்டதை மாணவியர் நாட்குறிப்பில் எழுதினர். ஒவ்வொருவரின் நடத்தையும் திறமையும் பற்றி மேற்றன் பதிவு வைத்தார். கை செய்வதை மனம் எண்ணவும், மனம் கற்றதைக் கை செய்யவும் ஒரே காலத்திற் பழக்குவதே அதன் நோக்கம்.

நன்றாய்த் தொடங்கிய காரியமும் கண்காணிப்பு இல்லையேல் தளரும். பல ஆண்டுகள் இராணுவச் சுகாதார வேலையில் மூழ்கியிருந்த அம்மையார், 1872ஆம் ஆண்டளவில் பாடசாலையை நுணுகி நோக்கியபோது, பாடங்கள் ஒழுங்காக நடைபெறவில்லை என்பதையும், மாணவியர் வேலையாட்கள் போலவே பயன்படுத்தப்படுகின்றனர் என்பதையும் கண்டார். உடனே புதிய வைத்திய ஆசிரியர் ஒருவர் அமர்த்தப்பட்டார். மாணவியரின் படிப்பையும் நலத்தையும் கவனிக்க விடுதிச் சகோதரி ஒருவரும் நியமிக்கப்பட்டார். அம்மையார் தாமும் மாணவியரை வீட்டிற்கு அழைத்து உரையாடி, ஒவ்வொருவரையும் அறிந்துகொண்டார்.

இந்நிகழ்ச்சி இன்றைக்கும் பொருந்தும். வாட்டிலே ஆள் போதாதபோது மாணவரை வேலைக்கு மட்டும் ஓட்டுவது எளிது. அனுபவம் என்னும் பெயரால் அவரது படிப்பைப் பறித்தல் ஆகாது. படிப்பு என்னும் பெயரால் மாணவரும் வாட்டு வேலையிலிருந்து நழுவுதல் ஆகாது. இரண்டும் இரு கண் போன்றவை.

அப்பாடசாலையிற் பயின்றோர் லிவர்பூல், சிட்னி முதலிய நகரங்களுக்குச் சென்று அங்கும் பயிற்சி முறையைப் பரப்பினர். அவருள் அக்னஸ் ஜோன்ஸ் என்பார் லிவர்பூல் ஏழைகள் வைத்தியசாலையிலே உழைத்து, 1868ஆம் ஆண்டு நோய் தொற்றி இளவயதிலே உயிர்நீத்தார். தாதிமை உயிரைப் பணயம் வைக்கும் தொண்டு என்பதற்கு அவர் சான்று. 2020ஆம் ஆண்டு தொடங்கிப் பெருந்தொற்று உலகை வாட்டியபோதும் தாதியர் பலர் அவ்வாறே உயிரீந்ததை நாம் கண்டோம்.

நீரும் உயிரும்

அம்மையார் இந்தியாவுக்கு வந்ததில்லை. ஆயினும் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக இந்தியரின் நலன்பற்றி எழுதினார். இந்தியாவிலிருந்த படைவீரர் ஆயிரத்துக்கு 69 பேர் என்ற அளவில் ஆண்டுதோறும் மாண்டதை ஆராய்ந்த குழுவிற்கு, நிலையங்கள்தோறும் வினாத்தாள் அனுப்பி விபரம் திரட்டிக் கொடுத்தார். அக்குழுவின் அறிக்கை 1863ஆம் ஆண்டு வெளிவந்தது. படைவீரர் மட்டுமன்றிக் குடிமக்களும் நலமுற வேண்டும் என்று அவர் எண்ணம் விரிந்தது. கோதாவரி அணையைக் கட்டிய ஆர்தர் கொட்டன் என்னும் பொறியியலாளரின் கருத்தை ஆதரித்து, நீர்ப்பாசனம் இருந்தாற் பஞ்சம் தவிர்க்கப்படும் என்று வாதாடினார். 1876ஆம் ஆண்டு தொடங்கிய சென்னை மாகாணப் பஞ்சம் அவரைப் பெரிதும் உலுக்கியது.

குளத்தை நம்பி வாழும் உன்னிச்சை மக்களாகிய நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நமது குளத்து நீர் வயலுக்குப் பாய்கின்றது. சுத்திகரிக்கப்பட்டு மட்டக்களப்பு நகரத்தார்க்குக் குடிநீராகவும் செல்கின்றது. தாதியின் வேலை வாட்டிலே தொடங்குவதன்று, குளக்கரையிலும் கிணற்றடியிலும் தொடங்குகின்றது என்பதை அம்மையார் என்றோ கண்டிருந்தார். காற்று, வெளிச்சம், தூய நீர், துப்புரவு, அமைதி, ஏற்ற உணவு என்பவற்றையே 1859ஆம் ஆண்டு எழுதிய தாதிமை பற்றிய நூலிலும் முதன்மையாக வற்புறுத்தினார். நோய்க்கிருமிகளைப் பற்றிய அறிவு பரவுமுன் எழுதப்பட்ட நூல் அது; கெட்ட காற்றே நோயைப் பரப்பும் என்றே அவர் எண்ணியிருந்தார். காரணத்தை முற்றாக அறியாவிடினும், அவர் சொன்ன துப்புரவு உயிர்களைக் காத்தது.

கிரிமியாவிலே பற்றிய காய்ச்சலால் அம்மையாரின் உடல் நலம் குன்றியிருந்தது. நெடுங்காலம் அறைக்குள்ளேயே இருந்து, எழுத்தினாலேயே தொண்டு செய்தார். முதுமையிலே கண்பார்வையும் இழந்தார். 1907ஆம் ஆண்டு பிரித்தானிய மன்னர் அளித்த மிக உயர்ந்த கௌரவங்களுள் ஒன்றைப் பெற்ற முதற் பெண்மணியானார். 1910ஆம் ஆண்டு ஓகஸ்ட் 13ஆம் நாள், தொண்ணூறு வயதிலே அமைதியாக உயிர்நீத்தார். பெரியோரை அடக்கஞ்செய்யும் வெஸ்ற்மினிஸ்ரர் ஆலயத்திலே இடம் தர முன்வந்தபோதும், குடும்பத்தினர் ஏற்கவில்லை. ஊர்ப்புறக் கோயிற் காணியிலே, பெயரின் முதலெழுத்துகளும் ஆண்டுகளும் மட்டும் பொறித்த கல்லின் கீழ் அவர் துயில்கின்றார். அவர் பிறந்த மே 12ஆம் நாளை உலகம் தாதியர் தினமாகக் கொண்டாடுகின்றது.

நாம் செய்யத்தக்கது

இன்று நம் பிள்ளைகள் ஆறாண்டு காத்திருக்க வேண்டியதில்லை. வலையிறவுப் பாலத்தைக் கடந்தால் மட்டக்களப்பு நகரம். அங்கே போதனா வைத்தியசாலையும் உண்டு, தாதியர் கல்லூரியும் உண்டு. மூன்றாண்டுப் பயிற்சியிலே பாடமும் வாட்டுப் பழக்கமும் சேர்ந்தே நடைபெறுகின்றன. ஆண்பிள்ளைகளும் இத்தொழிலிற் சேரலாம். பலர் சேர்ந்து நற்பெயர் பெற்றும் உள்ளனர். இதை விரும்புவோர் பாடசாலைக் காலத்திலேயே விஞ்ஞானப் பாடங்களைக் கருத்தூன்றிக் கற்பாராக. முதலுதவி பழகுவாராக. வீட்டிலே நோயுற்ற பாட்டனுக்கோ பாட்டிக்கோ பணிசெய்யும் வாய்ப்பைத் தட்டாதிருப்பாராக. அம்மையாரும் அங்கிருந்தே தொடங்கினார்.

பயிற்சியிலுள்ள மாணவர்க்கு ஒன்று கூறுவோம். மலசலம் எடுப்பதையும் கட்டில் விரிப்பதையும் இழிவென எண்ணற்க. அவ்வேளையிலேதான் நோயாளியின் தோலில் எழும் புண்ணும், மூச்சின் மாற்றமும், சொல்லாத பயமும் உங்கள் கண்ணிற் படும். கண்டதை எழுதுங்கள், எழுதியதை நூலோடு ஒப்பிடுங்கள், ஐயத்தை மூத்த தாதியரிடம் கேளுங்கள்.

பெற்றோர்க்கும் ஒன்று கூறுவோம். இராவேலை, தூரதேசம், ஊரார் பேச்சு என்று அஞ்சி மகளைத் தடுக்க எண்ணும்போது, நைற்றிங்கேல் குடும்பத்தாரை நினைத்துக்கொள்ளுங்கள். அவர்களும் அன்பினாலேயே தடுத்தனர். 1978ஆம் ஆண்டுச் சூறாவளியும் 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலையும் நம் மாவட்டத்தைத் தாக்கிய நாட்களிலே, பயின்ற கைகளுக்காக நாம் எவ்வாறு ஏங்கினோம் என்பதை முதியோர் மறந்திரார். அந்தக் கைகளும் யாரோ ஒரு தாயின் மகளுடைய கைகளே.

வள்ளுவர் வகுத்த நான்காம் உறுப்பை நிறைவுசெய்ய நம்மூரிலிருந்து ஆண்டுக்கு ஒருவர் இருவராவது புறப்படுவாராயின், அதுவே அம்மையாருக்கு நாம் ஏற்றும் விளக்காகும். அதற்கு நாம் அனைவரும் துணைநிற்போமாக.